எண்ணிக்கைக்குள் அடங்காத ஊழியம்

பணி ஓய்வு பெற்று, பிள்ளைகளைக் கரையேற்றி, வீட்டுக் கடனையும் அடைத்து முடித்த ஒரு தம்பதி, அறுபது வயதைத் தாண்டிய பிறகு வீட்டைப் பூட்டிச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு, மொழி தெரியாத ஒரு நகரத்துக்கு ஒன்றரை ஆண்டு தங்கப் புறப்படுகிறார்கள். சம்பளம் கிடையாது. செலவும் அவர்களுடைய சேமிப்பிலிருந்துதான். போன இடத்தில் அவர்கள் செய்வதில் பெரும்பகுதி சமைப்பது, பாத்திரம் கழுவுவது, கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பது, இருபது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்பது. மார்மன்கள் என்று உலகம் அறிந்திருக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் இது அபூர்வமான செய்தி அல்ல. 1830இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கி இன்று யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் இந்தச் சபை, மூத்த தம்பதிகளைப் பல பத்தாண்டுகளாக உலகெங்கும் அனுப்பிவருகிறது. அலுவலகம், மருத்துவம், ஆவணக் காப்பகம், நிவாரணம் எனப் பல வேலைகள் அவர்களுக்கு உண்டு. அவற்றுள் ஐரோப்பிய நகரங்களில் இளைஞர்கள் நடுவே அவர்கள் செய்யும் ஊழியத்தைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன். அந்த ஊழியத்தின் மதிப்பு உடனிருப்பதில் இருக்கிறது. ஆள் சேர்ப்பதில் இல்லை. சபை அதை இந்தக் கண்ணோடு பார்த்து, செலவின் சுமையையும் தானே ஏற்றால், ஒரு மதத்தின் எல்லைக்கு வெளியே உள்ளவர்களும் மதிக்கத்தக்க முன்மாதிரியாக அது நிற்கும் என்பது என் கருத்து.

இந்தச் சபையின் ஊழியர் என்றவுடன் பலருக்கும் நினைவில் வருவது வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டையுடன் இரண்டிரண்டாகத் தெருவில் நடக்கும் வாலிபர்கள்தான். 2012 அக்டோபரில் அன்றைய தலைவர் தாமஸ் மான்சன், ஊழியத்துக்குச் செல்லும் வயதை ஆண்களுக்கு 19இலிருந்து 18 ஆகவும் பெண்களுக்கு 21இலிருந்து 19 ஆகவும் குறைத்தார். அப்போது 58,000 சொச்சமாக இருந்த ஊழியர் எண்ணிக்கை இரண்டே ஆண்டுகளில் 85,000ஐ எட்டியது. இந்த வாலிபர்களின் நாள் காலை ஆறரைக்குத் தொடங்குகிறது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வேலை உண்டு. ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றப் பட்டியல் வரும். ஒருவர் ஓர் ஊரில் சில மாதங்கள் இருந்தாலே அதிகம். அவர்களிடம் உற்சாகம் உண்டு, நேர்மை உண்டு, ஆனால் அவர்களுக்கே இன்னும் வாழ்க்கை தொடங்கவில்லை. படிப்பைப் பாதியில் விட்ட ஒருத்திக்கோ, வேலை பறிபோன ஒருவனுக்கோ, நிச்சயித்த திருமணம் முறிந்த இன்னொருவனுக்கோ அவர்கள் துணை இருக்கலாம். நான் இதைக் கடந்து வந்திருக்கிறேன் என்று சொல்ல அவர்களால் முடியாது. மூத்த தம்பதிக்கு அந்தக் கடுமையான கால அட்டவணை இல்லை. தனி வீட்டில் குடியிருக்கிறார்கள். பிள்ளைகளோடு விருப்பம்போல் பேசிக்கொள்ளலாம். கதவு தட்டிப் பிரசங்கிக்கும் கட்டாயமும் இல்லை. ஒரே ஊரில் ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ இருக்கிறார்கள். அந்த இருப்புதான் அவர்களுடைய முதல் தகுதி.

அவர்கள் போய்ச் சேரும் இடத்தின் நிலைமையைப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய சமூகக் கணக்கெடுப்பின் 2014-16 தரவுகளை வைத்து ஆய்வாளர் ஸ்டீபன் புல்லிவன்ட் 2018இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, 16 முதல் 29 வயதுக்குட்பட்டவர்களில் தமக்கு எந்த மதமும் இல்லை என்று சொன்னவர்களின் விகிதத்தைத் தருகிறது: செக் குடியரசில் 91 சதவீதம், எஸ்டோனியாவில் 80, ஸ்வீடனில் 75, பிரிட்டனில் 70. அங்குள்ள பழம்பெரும் திருச்சபைகளே இளைஞர்களை இழந்து நிற்கும்போது, மார்மன் சபை அந்நாடுகளில் மிகச் சிறிய சிறுபான்மை. கோபன்ஹேகனிலோ பிராகிலோ ஒரு கூட்டத்தில் இருபது வயதுக்காரர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருப்பார்கள். மது கூடாது, புகையிலை கூடாது, காபியும் தேநீரும் கூடாது, திருமணத்துக்கு முன் உடலுறவு கூடாது, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு சபைக்கு என்று இத்தனை விதிகளோடு வாழும் ஒரு மாணவி, வெள்ளிக்கிழமை மாலையில் வகுப்புத் தோழர்கள் எல்லாரும் கிளம்பும்போது எங்கே போவாள்? நம்பிக்கை சரியா தவறா என்ற கேள்வி வருவதற்கு முன்பே, தனியாக இருப்பது அவளைக் களைப்படையச் செய்துவிடும். சிறுபான்மையினராக வாழ்ந்து பழகிய எவருக்கும் இந்தக் களைப்பு புரியும்.

இதற்கு விடையாகத்தான் 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் திருமணமாகாத இளைஞர்களுக்கான மையங்களைச் சபை திறக்கத் தொடங்கியது. சபைக் கட்டடத்திலேயே சில அறைகள், அல்லது பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை இடம். ஒரு சமையலறை, சில சோபாக்கள், ஒரு பியானோ, இடமிருந்தால் மேசைப்பந்து மேடை. வாரத்தில் ஒரு மாலை வேதப்பாட வகுப்பு. இந்த வகுப்புகளுக்கு நீண்ட மரபு உண்டு, முதலாவது 1926இல் ஐடஹோ பல்கலைக்கழகத்தை ஒட்டித் தொடங்கப்பட்டது. திங்கள் மாலை பாட்டும் விளையாட்டுமாக ஒரு கூடுகை. மற்ற நாட்களில் ஆங்கிலம் கற்பிப்பதும் பரீட்சைக்குப் படிக்க வருகிறவர்களுக்கு அமைதியான மேசை ஒன்றைக் கொடுப்பதும் நடக்கும். இவற்றை நடத்துவதற்குப் பெரிய திறமை எதுவும் வேண்டியதில்லை. தவறாமல் இருக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவே. வேலைக்குப் போகிற, கைக்குழந்தை வைத்திருக்கிற உள்ளூர் உறுப்பினர்களால் வாரத்தில் நான்கு மாலைகளை ஒதுக்க முடியாது. வேறு நிர்ப்பந்தம் எதுவும் இல்லாமல் மாலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்து, கடைசிப் பிள்ளை கிளம்பும்வரை இருக்கக்கூடியவர்கள் ஓய்வு பெற்றவர்கள் மட்டுமே. இந்த எளிய காரணத்தை விடவும் ஆழமான காரணம் எதையும் தேட வேண்டியதில்லை என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஏனென்றால், இளைஞர்கள் ஒரு சபையை விட்டு ஏன் விலகுகிறார்கள் என்பதற்குக் கிடைக்கும் சான்று வேறொன்றைச் சொல்கிறது. அமெரிக்க மார்மன்களிடையே தலைமுறை வாரியாக நடத்திய கணக்கெடுப்பை அடிப்படையாக வைத்து எழுத்தாளர் ஜேனா ரீஸ் 2019இல் வெளியிட்ட நூலில், விலகிய இளந்தலைமுறையினர் சொன்ன காரணங்களில் முன்னணியில் நின்றது, தம்மைப் பிறர் குற்றவாளியைப் போலப் பார்த்தார்கள் அல்லது புரிந்துகொள்ளவில்லை என்ற உணர்வு. கோட்பாட்டு முரண்பாடும் வரலாற்றுச் சிக்கலும் அதற்கு அருகிலேயே இருந்தன. ஆனாலும் முதலிடம் மனிதர்கள் மனிதர்களை நடத்திய விதத்துக்கே. இது அமெரிக்கக் கணக்கு. ஐரோப்பாவுக்கு அப்படியே பொருத்த முடியாது. என்றாலும் அது காட்டும் திசை முக்கியமானது. ஒரு வாலிபனைப் பெற்றோர் பார்க்கும் பார்வையில் கவலை கலந்திருக்கும். சபைத் தலைவர் பொறுப்போடு பார்க்கிறார், வயதொத்தவர்கள் தங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஊரார் யாரென்று தெரியாத, அவனுடைய எதிர்காலத்தில் எந்த லாப நஷ்டமும் இல்லாத, இன்னும் சில மாதங்களில் கடல் கடந்து போய்விடப்போகிற ஒரு வயதான பெண்மணியிடம் அவன் பேசுவது வேறு விதமாக இருக்கும். தாத்தா பாட்டியிடம் சொல்லிவிட்டு அப்பா அம்மாவிடம் மறைக்கும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் உண்டு. அதிகாரம் இல்லாத அன்புக்கு ஒரு தனிச் சக்தி இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட சமூகத் தொடர்பு பற்றிய அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை பாதிக்கிறது என்கிறது. அதில் கவனிக்க வேண்டியது, தனிமையை முதியோரின் நோய் என்று எண்ணிவந்த நமக்கு, வளரிளம் பருவத்தினரிடமும் இளைஞர்களிடமும் அது மிகுதியாக இருப்பதை அந்த அறிக்கை காட்டுவதுதான். பிரிட்டன் 2018இலேயே தனிமைக்கென ஓர் அமைச்சரை நியமித்துவிட்டது. நெதர்லாந்தின் டெவென்டர் நகரில் ஹுமானிடாஸ் என்ற முதியோர் இல்லம், மாதம் முப்பது மணி நேரம் முதியவர்களோடு செலவிட்டால் வாடகையே வேண்டாம் என்று கல்லூரி மாணவர்களுக்கு அறை கொடுத்தது. அது மற்ற நாடுகளும் வந்து பார்த்துப் போகும் ஏற்பாடாக வளர்ந்தது. அமெரிக்காவில் 1990களின் நடுவில் உருவான எக்ஸ்பீரியன்ஸ் கோர் என்ற திட்டம் ஓய்வு பெற்றவர்களைத் தொடக்கப்பள்ளிகளுக்கு அனுப்பியது. மருத்துவர் லிண்டா ஃப்ரைடும் அவருடைய குழுவினரும் அதை ஆராய்ந்து, பிள்ளைகளோடு சேர்ந்து முதியவர்களும் பயனடைவதைக் காட்டினார்கள். இந்த இரண்டிலும் மதம் இல்லை. இரண்டு தலைமுறைகளை ஒரே கூரையின் கீழ் தொடர்ந்து இருக்கவைத்தால் இரண்டுக்கும் நல்லது என்ற கண்டுபிடிப்பை மதச்சார்பற்ற நிறுவனங்கள் இப்போதுதான் திட்டமாக்குகின்றன. மூத்த தம்பதிகளின் ஊழியத்தில் அது ஏற்கனவே ஒரு மரபாகவே நடந்துகொண்டிருக்கிறது.

இந்தச் சபையின் சொந்த வரலாற்றோடு வைத்துப் பார்க்கும்போதும் இது ஒரு நல்ல திருத்தம். 1839இல் பிரிகாம் யங் இங்கிலாந்துக்கு ஊழியம் செய்யப் புறப்பட்டபோது அவரே நோயில் கிடந்தார். மனைவியும் நோயாளி, குழந்தை பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அடிசன் பிராட் 1843இல் மனைவியையும் நான்கு பெண்பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் பசிபிக் தீவுகளுக்குக் கப்பலேறினார். திரும்பிவர ஐந்து ஆண்டுகள் ஆயின. அந்தத் தலைமுறை ஊழியத்தின் விலையை வீட்டில் இருந்த பெண்களும் குழந்தைகளும் கொடுத்தார்கள். அதைத் தியாகம் என்று போற்றும் எழுத்துகள் ஏராளம். அந்தப் பெண்களிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. இன்றைய ஏற்பாட்டில் வளர்க்க வேண்டிய பிள்ளைகளை வளர்த்து முடித்தபின், கணவனும் மனைவியும் சேர்ந்து முடிவெடுத்து, சேர்ந்தே போகிறார்கள். ஊழியர் என்ற பெயர்ப்பட்டை இருவர் நெஞ்சிலும் இருக்கிறது. மையத்தின் சமையலறையில் மனைவி மட்டும் நிற்கும் பழக்கம் இன்னும் முழுதாக மாறிவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பெண் ஒரு வாழ்நாள் முழுவதும் ஆசிரியையாகவோ செவிலியாகவோ இருந்திருந்தால், இளைஞர்களுக்கு அவள் தரக்கூடியது சாப்பாட்டைவிட அதிகம்.

இந்தியாவில் இதைப் படிப்பவர்கள் பலருக்கும் முதலில் எழும் எதிர்ப்பு எதுவென்று ஊகிப்பது கடினமல்ல. சோறு போட்டு மதம் மாற்றுகிறார்கள் என்பது இங்கே நெடுநாளாக ஒலிக்கும் குற்றச்சாட்டு. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்டதும், இரண்டே ஆண்டுகளில் திரும்பப் பெறப்பட்டதும் நினைவிருக்கும். இந்தச் சபை நமக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல; கோயம்புத்தூர் வட்டாரத்தில் 1960களிலேயே ஒரு தமிழர் அதன் துண்டுப் பிரசுரங்களைப் படித்து ஞானஸ்நானம் பெற்றார். ஆகவே ஐரோப்பாவைப் பற்றிப் பேசினாலும் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. தனிமையில் வாடும் ஒரு வெளிநாட்டு மாணவன் சூடான சாப்பாட்டுக்காகவும் இலவச ஆங்கில வகுப்புக்காகவும் வருகிறான். அவனிடம் சமயம் பார்த்து, சபையின் வேதநூலான மார்மன் புஸ்தகத்தை நீட்டினால் அது நட்பா, வலையா? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தனிமை என்பது பசியைப் போன்ற ஒரு பலவீனம். பலவீனமாக இருப்பவரிடம் பெறும் சம்மதத்தின் மதிப்பு குறைவுதான்.

ஆனால் இதிலிருந்து இந்த ஊழியமே தவறு என்ற முடிவுக்குப் போக முடியாது. மேசையில் நிபந்தனை வைக்கக் கூடாது என்பதே இதிலிருந்து கிடைக்கும் முடிவு. வந்தவன் நூறு முறை சாப்பிட்டாலும் ஒரு முறைகூட வேதப்பாட வகுப்பில் உட்காராமல் போகலாம், அப்போதும் நூற்றியோராவது முறை அவனுக்குத் தட்டு வைக்கப்படும் என்றால் அங்கே வலை இல்லை. இப்படி நடப்பது சபைக்குச் சாத்தியமா என்று கேட்டால், அவர்களே வேறு இடங்களில் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். பிரசங்கத்துக்குச் சட்டம் இடம் தராத நாடுகளில் இந்தச் சபையின் மூத்த தம்பதிகள் குடிநீர் வசதி, சக்கர நாற்காலி வழங்கல் போன்ற நிவாரண வேலைகளை மட்டும் பார்க்கிறார்கள், மதம் பேசுவதில்லை. 2016இல் ரஷ்யா மதப் பரப்புரைக்குக் கடும் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, அங்கிருந்த ஊழியர்களைச் சபை தன்னார்வலர்கள் என்று அழைத்துப் பணியைத் தொடர்ந்தது. சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்தில் பிரிக்க முடிகிறது என்றால், சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் மனசாட்சியின் பேரில் பிரிக்க முடியும். மூடிமறைக்கவும் தேவையில்லை. இது சபை நடத்தும் இடம், நாங்கள் விசுவாசிகள் என்று கதவிலேயே தெரியட்டும், கேட்டால் சொல்லட்டும், கேட்காதவனிடம் திணிக்காதிருக்கட்டும்.

இங்கேதான் எண்ணிக்கையின் தொல்லை வருகிறது. ஊழியம் என்பது எத்தனை பேரைச் சந்தித்தோம், எத்தனை பாடம் நடத்தினோம், எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்ற கணக்கில் வளர்ந்த ஒரு நிறுவனத்துக்கு, யாரும் சேராத ஒரு வருடத்தை வெற்றி என்று ஏற்பது எளிதல்ல. கேரளத்திலிருந்து போன செவிலி மாணவியோ நைஜீரியாவிலிருந்து போன பொறியியல் மாணவனோ ஒரு பனிக்காலத்தைத் தற்கொலை எண்ணம் இல்லாமல் கடந்துவிட்டால் அதை எந்தப் படிவத்தில் நிரப்புவது? இரண்டு வருடம் சபைப் பக்கமே வராத ஒருவன் இரவு பதினோரு மணிக்கு அந்தத் தம்பதியைத் தொலைபேசியில் அழைத்தால், அந்த அழைப்புக்கு எந்தத் தலைப்பு? அளக்க முடியாததை அளக்க முயன்றால், அளக்கக்கூடியதை மட்டும் செய்யும் பழக்கம் வந்துவிடும். தம்பதியின் கண் மேசையைச் சுற்றி இருக்கும் முகங்களை விட்டு அடுத்த வாய்ப்பைத் தேட ஆரம்பிக்கும். இளைஞர்கள் அதைச் சட்டென்று உணர்ந்துகொள்வார்கள். ஆகவே இந்த மையங்களில் இருக்கும் தம்பதிகளிடம் ஞானஸ்நானக் கணக்கே கேட்கக் கூடாது என்பேன். கதவு எத்தனை நாள் திறந்திருந்தது என்று கேட்டால் போதும்.

இன்னொரு எதிர்ப்பு உள்ளிருந்தே வருகிறது, அது முந்தையதைவிடக் கடுமையானது. பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் சாப்பாட்டால் வாயை அடைக்கிறார்கள் என்பது அது. ஸ்வீடனில் சபையின் உயர்பொறுப்பில் இருந்த ஹான்ஸ் மாட்சன், ஆரம்பகாலப் பலதார மணம் உள்ளிட்ட வரலாற்று விஷயங்களில் தனக்கும் தன் நாட்டு உறுப்பினர்களுக்கும் எழுந்த சந்தேகங்களை 2013இல் நியூயார்க் டைம்ஸ் வழியாக வெளிப்படையாகப் பேசினார். அதே ஆண்டின் இறுதியிலிருந்து சபையே அந்த விஷயங்களைப் பற்றி விரிவான கட்டுரைகளை வெளியிடத் தொடங்கியது. 2015 நவம்பரில் ஒருபாலினத் தம்பதிகளின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் மறுக்கும் விதி வந்தது. 2019 ஏப்ரலில் அது திரும்பப் பெறப்பட்டது. அந்த மூன்றரை ஆண்டுகளில் மனம் முறிந்து வெளியேறிய இளைஞர்களை எந்த விருந்தும் திரும்பக் கொண்டுவரவில்லை. வெதுவெதுப்பான வரவேற்பு உண்மைக்கு மாற்றாகாது என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஐடஹோவில் விவசாயம் பார்த்துவிட்டு வந்த ஒருவருக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாற்றில் ஆராய்ச்சி அறிவு இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

ஆனால் பதில் தெரியாதவர் செய்யக்கூடிய நல்ல காரியம் ஒன்று உண்டு. எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்துபோகாமல் உட்கார்ந்திருப்பது. கேள்வி கேட்டவனைக் கலகக்காரனாகப் பார்க்காமல், அவன் இனி வரமாட்டேன் என்று முடிவெடுத்தாலும் அவனுடைய பிறந்தநாளை மறக்காமல் இருப்பது. கோட்பாட்டை மாற்றும் அதிகாரம் தம்பதிக்குக் கிடையாது. வெளியேறியவனை எப்படி நடத்துவது என்பதில் முழு அதிகாரமும் அவர்களுக்குத்தான். இதற்குச் சபை இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். அனுப்புவதற்கு முன் இந்தக் கேள்விகளை அந்தத் தம்பதிகளுக்கு ஒளிவுமறைவின்றிக் கற்றுக்கொடுக்க வேண்டும். முதன்முறையாக ஓர் இருபது வயதுப் பெண்ணின் வாயிலிருந்து கேட்டு அவர்கள் திகைத்துப் போகக் கூடாது. அதோடு, தாங்கள் மனநல ஆலோசகர்கள் அல்ல என்ற எல்லையையும் தெளிவாக உணர்த்த வேண்டும். மனச்சோர்வில் இருக்கும் ஒருவனுக்கு ஜெபம் செய்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து. உள்ளூர் மருத்துவரின் கதவுவரை கூட்டிப்போவது அவர்களால் இயலும் உதவி.

சொந்தப் பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு யார் பிள்ளைகளையோ பார்க்கப் போவது என்ன நியாயம் என்ற கேள்வியும் உண்டு. சபையின் மூத்த தலைவர்களில் ஒருவராக இருந்த ராபர்ட் ஹேல்ஸ், தம்பதிகள் தயங்குவதற்கான காரணங்களை எடுத்துச் சொன்னபோது அச்சம், பணம், ஏற்ற பணி கிடைக்குமா என்ற சந்தேகம் ஆகியவற்றோடு குடும்பக் கவலையையும் ஒன்றாகக் குறிப்பிட்டார். ஒரு பேரன் பிறப்பதையோ பேத்தியின் திருமணத்தையோ தவறவிடுவது சிறிய இழப்பல்ல. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய தம்பதி போகவே கூடாது என்பேன். மற்றபடி, பதினெட்டு மாதம் தாத்தா வேறொரு நாட்டில் வேறு யாருடைய பிள்ளைக்கோ துணையாக இருக்கிறார் என்று அறிந்து வளரும் பேரப்பிள்ளைக்கு அதுவும் ஒரு கல்வியாகிறது. முதுமையின் அன்பு முழுவதும் ரத்த உறவுக்குள்ளேயே செலவாக வேண்டும் என்ற எண்ணம் நம் ஊரிலும் ஆழமாக ஊன்றியிருக்கிறது. பிள்ளைகள் வெளிநாடு போன வீடுகளில் எத்தனையோ திறமையான மனிதர்கள் அடுத்த தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருந்தே காலம் கழிக்கிறார்கள். பக்கத்துத் தெரு விடுதியில் வெளியூர்ப் பிள்ளைகள் நூறு பேர் இருப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை.

பணத்தைப் பற்றித்தான் எனக்குச் சபையோடு முக்கியமான கருத்து வேறுபாடு. இளம் ஊழியர்கள் விஷயத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது: எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டாலும் அமெரிக்கக் குடும்பங்கள் ஒரே தொகையைக் கட்டுகின்றன, 2020 முதல் அது மாதம் 500 டாலர். டோக்கியோவுக்குப் போகிறவனும் மணிலாவுக்குப் போகிறவனும் சமம். மூத்த தம்பதிகளுக்கு அப்படியில்லை. வாடகை, சாப்பாடு, கார், மருத்துவக் காப்பீடு எல்லாம் இடத்துக்கு ஏற்றபடி அவர்கள் தலையில்தான். அமெரிக்க முதியோருக்கான மெடிகேர் காப்பீடு பொதுவாக வெளிநாட்டில் செல்லாது. அதற்கும் தனியே பணம் கட்ட வேண்டும். 2011இல் சபையின் மூத்த தலைவர்களில் ஒருவராக இருந்த ஜெஃப்ரி ஹாலண்ட் இன்னும் ஆயிரக்கணக்கான தம்பதிகள் தேவை என்று மாநாட்டில் வேண்டுகோள் விடுத்தார். அந்த ஆண்டில் வீட்டு வாடகைக்கு மாதம் 1,400 டாலர் என்ற உச்சவரம்பு வைத்து, மிச்சத்தைச் சபை ஏற்றது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று காலத்தையும் தளர்த்தினார்கள். நல்ல தொடக்கம். ஆனால் 1,400 டாலர் என்பது இன்றைய மதிப்பில் ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல். வாடகைக்கு மட்டும் மாதம் அவ்வளவு கொடுக்கக்கூடிய ஓய்வூதியர் கானாவிலோ பிலிப்பைன்ஸிலோ இந்தியாவிலோ எத்தனை பேர்?

தியாகம் சொந்தப் பையிலிருந்து வந்தால்தான் அதற்கு மதிப்பு என்று சபையினர் பதில் சொல்வார்கள். கூலிக்கு வந்தவர்கள் என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போகிறது என்பதும் உண்மை. அந்த நன்மையை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் சம்பளம் கொடுப்பது வேறு, செலவை ஏற்பது வேறு. சபையின் முதலீட்டு நிறுவனமான என்சைன் பீக்கிடம் ஏறத்தாழ 10,000 கோடி டாலர் இருப்பதாக அந்த நிறுவனத்தின் முன்னாள் பணியாளர் ஒருவர் தரப்பில் 2019இல் குற்றச்சாட்டு எழுந்தது. அதன் பங்குகள் வெவ்வேறு நிறுவனப் பெயர்களில் காட்டப்பட்டது குறித்து 2023இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் நடவடிக்கை எடுக்க, சபையும் அந்த நிறுவனமும் சேர்ந்து 50 லட்சம் டாலர் அபராதம் செலுத்தின. இவ்வளவு வசதியுள்ள ஓர் அமைப்பு, ஓய்வு பெற்ற ஆசிரியரிடம் வாடகை கேட்பது பொருந்தவில்லை. அதைவிடப் பெரிய பிரச்சினை, இந்த ஏற்பாடு யாரைத் தேர்ந்தெடுக்கிறது என்பது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வசதியாக ஓய்வு பெற்றவர்களே உலகெங்கும் பாட்டி தாத்தாவாகப் போக முடிகிறது. அதனால் இளைஞர்கள் முன் நிற்கும் முதுமையின் முகமும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. பிராங்ஃபர்ட்டின் மையத்துக்கு வரும் பிள்ளைகளில் ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் பிறந்தவர்களுக்கு, அவர்கள் கடந்துவந்த பாதையை அறிந்த ஒரு முதியவரைக் காண்பது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருக்கும்!

தம்பதிகளும் ஒரு நாள் போய்விடுவார்களே, பழகிய பின் பிரிவதும் இன்னொரு காயம்தானே என்று கேட்பவர்களுக்கு, ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். அதைக் குறைக்க வழி, வந்த முதல் வாரத்திலிருந்தே ஓர் உள்ளூர்த் தம்பதியை இணையாக வைப்பது. வாரம் ஒரு மாலை அவர்கள் வந்தால் போதும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் மற்ற மூன்று மாலைகளைப் பார்த்துக்கொள்வார்கள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு புதிதாக ஒருவர் வரும்போது பிள்ளைகளுக்குத் தெரிந்த முகம் ஒன்றாவது அங்கே இருக்கும்.

பணத்தின் கேள்விக்குத் திரும்பினால், அமெரிக்கர் அல்லாத தம்பதிகளை அனுப்புவது இந்தச் சபைக்குப் புதிதும் அல்ல. இந்தியாவில் பிறந்து சமோவாவில் வாழ்ந்துவந்த எட்வின் தர்மராஜு, எல்சி தர்மராஜு தம்பதி 1978இல் ஹைதராபாத்துக்கு ஊழியர்களாக அனுப்பப்பட்டார்கள்; அவர்களுடைய உறவினர்கள் இருபத்திரண்டு பேர் சபையில் சேர்ந்தார்கள். அன்று அது ஒரு விசேஷ ஏற்பாடு. இன்று அதை வழக்கமாக்கலாம்: இளம் ஊழியருக்கு இருப்பதுபோல் மூத்த தம்பதிகளுக்கும் அவரவர் நாட்டு ஓய்வூதிய நிலைக்கு ஏற்ற ஒரே சீரான மாதத் தொகையை வைத்து, விமானக் கட்டணத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் மீதி வாடகையையும் பொது நிதியிலிருந்து கொடுத்துவிடலாம். அக்ராவிலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியரும் அவர் மனைவியும் பெர்லினுக்கும், செபுவிலிருந்து ஒரு செவிலியும் அவர் கணவரும் லிஸ்பனுக்கும் போக அவ்வளவு போதும்.